மச்சான் தூக்கி வைத்த பாட்டில்

நவ. 18, செவ்வாய்

விடாத மழை. ஜி.எஸ்.டி. ரோட்டில் முழங்கால் தண்ணீராம், காலை ஷிஃப்ட் நர்ஸ் ஒன்பதரைக்கு வந்தாள். குரோம்பேட்டை ஆஸ்பத்திரி, மூன்றாம் மாடி, ஜன்னலோரக் கட்டில். ஆறாம் நாள்.

இன்றுதான் பேனா பிடிக்க முடிகிறது. நடந்தது இது. முதலில் வைரஸ் காய்ச்சல், அது நிமோனியா ஆனது. இருமி இருமி நுரையீரலில் எங்கோ கிழிசல். கசிந்த காற்று நெஞ்சுக்குள் அடைத்து, வலது நுரையீரல் சுருங்கிப்போனது. விலாவில் துளை, துளையில் குழாய், குழாயின் மறுமுனை தரையில் ஒரு பாட்டில் தண்ணீருக்குள். இருமினால் குமிழி.

டாக்டர்: "சனிக்கிழமைக்குள்ள முழுசா விரியலேன்னா ஆபரேஷன்தான் சார்."

பள்ளியிலிருந்து பார்க்க வந்தவர்கள் இரண்டு பேர். தலைமை ஆசிரியர் வாட்ஸப்பில் ஒரு கும்பிடு பொம்மை அனுப்பினார். என்னைவிட ஆறு வருஷம் ஜூனியர். அது யார் உட்கார வேண்டிய நாற்காலி என்று அவருக்கும் தெரியும்.

மனைவி ஸ்டெல்லாவுக்கு லீவு தீர்ந்தது. நாளை முதல் பகலில் துணைக்கு அவள் அண்ணன் ஜெபராஜ். வேறு ஆளே கிடைக்கவில்லையா?

நவ. 19, புதன்

தூறல். ஜெபராஜ் அஸ்தினாபுரத்திலிருந்து இட்லியோடு எட்டு மணிக்கே ஆஜர். நான்கு வருஷமாக அவரோடு எனக்குப் பேச்சில்லை. பதினெட்டு வருஷம் நான் நடத்திய பாடகர் குழுவை, சர்ச் செயலாளர் ஆன மூன்றாம் மாதமே வேறொருவனிடம் கொடுத்தவர். "மாப்பிள்ளைக்கு வயசாகுது" என்று கமிட்டியில் காரணம் சொன்னார். எனக்கு அப்போது ஐம்பது. அவருக்கு ஐம்பத்தெட்டு.

அவர் பேசுகிறார், நான் கூரையைப் பார்க்கிறேன். பேப்பரை எனக்காக உரக்கப் படிக்கிறார், ராசிபலன் உட்பட.

தரை துடைக்கும் அமுதா: "இன்னா சார், உன் மச்சான் காலைலேர்ந்து ரேடியோ மாதிரி பேசிக்கினே கீறாரு. நீ ஒரு 'உம்' கூட கொட்ட மாட்டேன்ற!"

நவ. 20, வியாழன்

மாலையில் ஜெபக்குழு. ஏழு பேர், ஏழு ஈரக் குடை.

முழங்கால் போட இடமில்லை. கட்டிலடியில் பாட்டில். "யார் காலாவது பட்டுடும்" என்று ஜெபராஜ் அதை இரண்டு கையாலும் எடுத்தார், காணிக்கைத் தட்டை ஏந்துவதுபோல. என் தலைமாட்டு அலமாரி மேல் வைத்தார்.

பாட்டில் எப்போதும் நெஞ்சுக்குக் கீழேதான் இருக்க வேண்டும். முதல் நாளே நர்ஸ் சொன்னது, எனக்கும் ஸ்டெல்லாவுக்கும். இவருக்கு யாரும் சொல்லவில்லை. எனக்குச் சொல்லவும் தேவையில்லை. மேலே இருக்கிற தண்ணீர் குழாய் வழியே கீழே இறங்கும்: இருபத்தாறு வருஷமாகப் பத்தாம் வகுப்புக்கு நான் நடத்தும் பாடம்.

வாயைத் திறந்தேன். நான்கு வருஷத்துக்குப் பிறகு முதல் வார்த்தை, அதுவும் உதவி கேட்டு? மூடிக்கொண்டேன்.

எல்லோரும் கண்ணை மூடியாயிற்று. ஜெபராஜ்: "ஆண்டவரே, உம்முடைய பிள்ளையின் பெருமையை உடைத்து, தாழ்மையைத் தாரும்..." ஜெபத்திலும் குத்தல். ரோஸ் நிறத் தண்ணீர் குழாயில் என் பக்கமாக நகர்ந்து வந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அமுதாதான் கத்தினாள். "யோவ்! இன்னாயா பண்ணிக்கினு கீற? பாட்டில கீழ வைய்யா! ஆள சாவடிக்கவா ஜெபம் பண்ண வந்தீங்க?"

நர்ஸ் ஓடி வந்தாள். ஏழு பேர் முன்னால் அவருக்கு நல்ல திட்டு. "தெரியாதும்மா, சத்தியமா தெரியாது" என்று கைகூப்பி நின்றார். எனக்குத் திருப்தியாகத்தான் இருந்தது. அரை மணி நேரம்.

நவ. 21, வெள்ளி

காய்ச்சல் 101. பாட்டில் தண்ணீர் உள்ளே போயிருக்குமோ என்று சந்தேகம். மருந்தை மாற்றிவிட்டார்கள். எக்ஸ்ரே நாளைக்கு.

ஜெபராஜ் வந்தார். இன்று பேப்பர் இல்லை. சாத்துக்குடி உரித்துக்கொண்டே, நிமிராமல்:

"மாப்ள, நேத்து கண்ண மூடுறதுக்கு முன்னாடி உங்களப் பார்த்தேன். நீங்க பாட்டிலையே பார்த்துட்டு இருந்தீங்க. அத மேல வைக்கக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியும், இல்ல?"

"ஆமா" என்றேன்.

உரித்த சுளைகளைத் தட்டில் அடுக்கினார். கை கழுவினார். குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மதியச் சாப்பாட்டை அமுதாதான் கீழே கேன்டீனிலிருந்து வாங்கி வந்தாள்.

நவ. 22, சனி

வெயில். காய்ச்சல் இறங்கிவிட்டது. எக்ஸ்ரேயில் நுரையீரல் முழுசாக விரிந்திருக்கிறது. மதியம்வரை குழாயை இறுக்கி வைத்துப் பார்த்தார்கள், மறுபடி சுருங்கவில்லை. "மூச்சை இழுத்துப் பிடிங்க சார்." ஒரே இழுப்பில் குழாய் வெளியே. இரண்டு தையல். ஆபரேஷன் வேண்டாம். திங்களன்று வீடு.

மூன்று மணிக்கு ஸ்டெல்லா, டிபன் கேரியரோடு. எக்ஸ்ரே சேதியைச் சொன்னேன். தோத்திரம் என்றாள். ஆனால் முகம் முழுக்க இருந்த சிரிப்பு அதற்கு அல்ல.

"அண்ணன்கிட்ட பேசிட்டீங்களாமே! நேத்து போன்ல சொன்னாரு. நாலு வருஷமா இதுக்குத்தாங்க நான் முட்டி போட்டேன்."

"வேற என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல. மாப்பிள்ளையவே கேளுன்னுட்டாரு. என்ன பேசினீங்க, சொல்லுங்க!"

கட்டில் விளிம்பில் உட்கார்ந்து காத்திருந்தாள்.

பசிக்கிறது என்றேன். சந்தோஷமாகத் தட்டு கழுவப் போனாள்.