சரிவின் கீழ் வீட்டிலிருந்து: தேக்கக் குட்டையை மூட அனுமதிக்க வேண்டாம்

அனுப்புநர்
ஹார்லன் டெஸ்ரோஷர்,
புவியியல் ஆசிரியர் (ஓய்வு),
கீழ்ச்சரிவுத் தெரு, ஆல்டர் ஃபோர்க், வெர்மான்ட்.

பெறுநர்
திருமதி ஜோன் வாட்லி அவர்கள்,
மழைநீர் வடிகால் ஆய்வாளர்,
நகர அலுவலகம், ஆல்டர் ஃபோர்க்.

பொருள்: மேப்பிள் குன்றுக் குடியிருப்பின் தேக்கக் குட்டையை மண் கொட்டி மூடும் முடிவைத் தடுக்கவும், வடிகுழாய்க்குப் பாதுகாப்பு செய்யவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. முதலில் நன்றி. குன்றில் மரங்களை வெட்டி வீட்டுமனை போட்ட வசந்தத்தில், மழைக்கு மழை சேறு எங்கள் வாசலுக்கு வந்தது. தாங்கள் நேரில் வந்து, முழங்கால் வரை சேற்றில் நின்று பார்த்தீர்கள். வெற்று மண்ணுக்கு வைக்கோல் பாய் விரிக்கவும், சரிவின் குறுக்கே வாய்க்கால் வெட்டவும், அடியில் தேக்கக் குட்டை தோண்டவும் கட்டுமான நிறுவனத்துக்கு உத்தரவிட்டீர்கள். அதன்பின் இந்த ஜனவரி வரை எங்கள் கீழ் அறை நனையவில்லை. இதை அன்றே எழுதியிருக்க வேண்டும். தங்கள் நேரத்தை வீணாக்குவேனோ என்று தயங்கிவிட்டேன்.

2. அந்தக் கீழ் அறையில்தான் என் மனைவி மாவிஸ் படுத்திருக்கிறார். இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து அவரால் படியேற முடியாது. இம்மனுவின் காரணம் அதுவே.

3. குட்டை மழையின்போது நிரம்பி, அதனுள் செங்குத்தாக நிற்கும் வடிகுழாயிலுள்ள சிறு துளை வழியே மெல்ல வடிந்து காலியாக வேண்டும். காலியாக இருப்பதுதான் அதன் வேலை. தங்களுக்குத் தெரிந்ததையே சொல்கிறேன், மன்னிக்கவும். மேலே புதிதாகக் குடிவந்தவர்களுக்கு இதை யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. சென்ற டிசம்பரில் அவர்களில் ஒருவரான திரு. ரஸ் பெல்க்கி, துளையின் மேல் ஒரு பலகையை இறுக்கி வைத்தார். தண்ணீர் நின்று உறைந்தால் பிள்ளைகள் சறுக்கி விளையாடலாம் என்பது அவர் எண்ணம். கெட்ட எண்ணம் அல்ல. நான் என் ஐயத்தைச் சொன்னபோது அவர் சிரித்துக்கொண்டே, "என்ன சார், பனிக்கட்டி எழுந்து ஓடியா வரப்போகுது? பசங்க ஒரு மாசம் ஆடட்டும், நானே எடுத்துடுறேன்" என்றார். நான்தான் தவறாகப் புரிந்துகொண்டேனோ என்று திரும்பிவிட்டேன்.

4. ஜனவரியில் திடீரென வெயில் ஏறி, பனியின் மேல் மழை பெய்தது. உறைந்த தரை ஒரு சொட்டும் குடிக்கவில்லை. குட்டையில் இடமில்லாததால் நீர் கரையைத் தாண்டி நேரே எங்கள் வீட்டுக்கு வந்தது. மாவிஸின் கட்டில் கால்களைத் தண்ணீர் சூழ்ந்தபோது அவரைத் தூக்க எனக்கு வலுவில்லை. சன்னலைத் திறந்து கத்தினேன். அவ்வளவு உரக்க நான் கத்தியதே இல்லை.

5. சத்தம் கேட்டு முதலில் ஓடிவந்தவர் திரு. பெல்க்கிதான். மாவிஸைக் கைகளில் ஏந்தி மாடிக்குக் கொண்டுபோனார். பிறகு கடப்பாரையோடு மார்பளவு குளிர்நீரில் இறங்கிப் பலகையைப் பிடுங்கினார். நடுங்கியபடி எங்கள் சமையலறையில் உட்கார்ந்திருந்தவரிடம் மாவிஸ், "கல்யாணத்தன்னைக்கு வழக்கப்படி இவரு என்னை வாசப்படி தாண்டித் தூக்கணும்னு சொன்னாங்க. முதுகு பிடிச்சுக்கும்னு பயந்துட்டாரு. அந்தக் கடனை நீ தீத்துட்டேப்பா" என்றார். அது உண்மை என்பதால் நான் மறுக்கவில்லை. திரு. பெல்க்கிக்கோ பிறருக்கோ அபராதம் விதிக்க வேண்டாம் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

6. இப்போதைய குறை இதுதான். சென்ற வாரக் குடியிருப்போர் கூட்டத்தில் திரு. பெல்க்கி எழுந்து, பலகை வைத்தது தாம்தான் என்று வெளிப்படையாகச் சொன்னார். அதற்கு ஒருவர், "இன்னைக்கு நீ பலகை வச்சே, நாளைக்கு இன்னொருத்தன் கதவே வைப்பான். மண்ணைக் கொட்டி மூடிட்டுப் புல்லு போடுங்கப்பா" என்றார். பலர் கைதூக்கினார்கள். நிறுவனம் பணிநிறைவுச் சான்றுக்கு விண்ணப்பித்திருப்பதாகவும், சான்று கிடைத்ததும் குட்டை குடியிருப்போர் பொறுப்புக்கு வந்துவிடும் என்றும் பேசிக்கொண்டார்கள். அவர்கள் அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் குட்டை போனாலும் மேலேயுள்ள கூரைகளும் தார்ச்சாலைகளும் போகப்போவதில்லை. அவற்றின் தண்ணீருக்குக் கீழே எங்கள் வீடு ஒன்றுதான் மிஞ்சும்.

7. ஆகவே, குட்டையை மூட அனுமதி தர வேண்டாம் என்றும், சான்று வழங்குமுன் வடிதுளைக்குப் பூட்டிய இரும்புக் கூடு போடச் செய்யுமாறும், குட்டை எதற்காக இருக்கிறது என்பதைக் குடியிருப்போருக்குத் தாங்களே ஒருமுறை விளக்குமாறும் வேண்டுகிறேன். மேலே தெரு வளைவிலுள்ள சமதளத்தில் குழாய்நீர் தெளித்துச் சறுக்குதளம் அமைக்கத் திரு. பெல்க்கி விரும்புகிறார். அதற்கும் இசைவளியுங்கள். பிள்ளைகளின் சத்தம் நின்றதிலிருந்து வீடு ரொம்ப அமைதியாகிவிட்டது என்று மாவிஸ் குறைப்படுகிறார்.

8. இம்மனுவின் முதல் வரைவில், என் பெயரைக் கூட்டத்தில் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருந்தேன். படித்துப் பார்த்த என் மனைவி அந்த வரியை அடித்துவிட்டார். ஆதலால் தாங்கள் விளக்கம் தரும் நாளில் நானும் வருகிறேன். எழுந்து பேச நா எழாவிட்டால், இதையே வாசிக்க அனுமதியுங்கள். வாசிப்பதற்குத் திரு. பெல்க்கி ஒப்புக்கொண்டிருக்கிறார், மூன்றாம் பத்தியையும் விடாமல் வாசிப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

அன்று சேற்றில் நின்ற தங்கள் கால்களை மறவாத,
ஹார்லன் டெஸ்ரோஷர்
(ஒப்பம்)

இடம்: ஆல்டர் ஃபோர்க்
நாள்: 9 பிப்ரவரி 2023