ரத்த வகை எழுதிய பாட்டுச் சீட்டு

இல்லை அப்பா, முதலில் எடுக்கவில்லை.

உன் போன் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. நீயே கீபோர்டில் வாசித்துப் பதிந்து வைத்த மெட்டு. உன் போனைத் தவிர வேறெங்கும் கேட்க முடியாதது. கார்த்திகையில் நீ போனதிலிருந்து அது அலமாரியின் மேல் சார்ஜரில் கிடக்கிறது. சிம்மை நிறுத்த அம்மாவுக்கு மனம் வரவில்லை. எடுத்துப் பேச எனக்குத் துணிவு வரவில்லை.

"அமுத்திப் போடு அத," என்றாள் அம்மா, சமையலறையிலிருந்து. "எடுத்து இன்னா சொல்லப்போற?"

எடுத்தேன்.

"அண்ணே, கரியாலூர்லேர்ந்து வந்திருக்கறேன். எங்கப்பாவுக்கு ரத்தம் ஏற்பாடு பண்ணிக் குடுத்தீங்களே."

இப்போது அவருடைய மனைவிக்கு. பிரசவத்துக்காகக் கரியாலூர் மலையிலிருந்து இறக்கி, கள்ளக்குறிச்சியில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார். அறுவை செய்துதான் எடுக்க வேண்டுமாம். கைவசம் இருக்கும் ரத்தம் போதாமல் போகலாம், ஆள் ஒருவரைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள் என்றிருக்கிறார்கள். ஓ நெகட்டிவ்.

"நான் அவர் பொண்ணு பேசறேன்," என்றேன்.

"அண்ணன் வெளிய போயிருக்காருங்களா? பரவால்ல பாப்பா. அவர் காதுல போட்டுடு, அது போதும். அவரு பாத்துக்குவாரு." குரலில் அப்போதே பாதி நிம்மதி.

சொல்ல வேண்டிய வாக்கியம் மிகச் சிறியது. வாய்வரை வந்துவிட்டது. அந்தப் பாதி நிம்மதியையும் பிடுங்கிக்கொண்டு, பதிலுக்கு எதைக் கொடுப்பது? "சரிங்க," என்றேன். அவ்வளவுதான்.

உன் போனில் பெயர்களே இல்லை. ஓ நெகட்டிவ் ரிஷிவந்தியம். ஓ நெகட்டிவ் சங்கராபுரம். ஓ நெகட்டிவ் திருக்கோவிலூர். தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தன. பெரும்பாலும் பொய் என்பது எனக்குத் தெரியும்.

ரிஷிவந்தியம் திருவிழாக் கச்சேரி. மேடையின் இடது ஓரம், கீபோர்டுக்குப் பின்னால் நீ. முன்வரிசையில் அம்மா மடியில் நான். பாட்டு கேட்டுச் சீட்டு அனுப்புவது எல்லாக் கச்சேரியிலும் உண்டு. உங்கள் குழுவில் மட்டும், பாட்டுக்குக் கீழே ரத்த வகையும் போன் நம்பரும் எழுத வேண்டும். உன் ஏற்பாடு அது. அன்றைக்கு மைக்கை வாங்கி, "சுலபத்துல கெடைக்காத ரத்தம் எதுவோ, அந்தச் சீட்டுக்குத்தான் மொதப் பாட்டு" என்று வேறு சொல்லிவிட்டாய்.

சீட்டுகள் குவிந்தன. பாடகர் பிரித்துப் பிரித்துப் பார்த்துவிட்டு மைக்கிலேயே கேட்டார். "இன்னாண்ணே, ஊரே நெகட்டிவா இருக்குது?"

கூட்டம் சிரித்தது. நீயும்தான். அத்தனை பாட்டையும் வாசித்தாய்.

பிறகு ஒரு அவசரத்துக்கு அவர்களில் ஒருவனை அழைத்தாய். "எனக்கு இன்னா ரத்தம்னே தெரியாதுண்ணே. பாட்டு சீக்கிரம் வரும்னு எழுதிட்டேன்." அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "ஊர்ல கீறவன் ரத்தமெல்லாம் தெரியுது, வூட்ல பால் தீந்தது தெரில" என்றாள். நீ அவனை வண்டியில் ஏற்றிப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனாய். "பொய் எழுதனவன் ஒடம்புலயும் ரத்தந்தான ஓடுது." வரும்போது பாலும் வாங்கி வந்தாய்.

போனில் யாருடைய ரத்த வகையையும் நீ திருத்தவில்லை. எது மெய் என்று உனக்கு ஞாபகம் இருந்தது. உனக்கு மட்டும்.

ஒவ்வொன்றாக அழைத்தேன். ரிஷிவந்தியம்: "அதுவா? பாட்டுக்காக எழுதனதுங்க." சங்கராபுரம்: பெங்களூரில் வேலையாம். இன்னொன்றில் மனைவி எடுத்தாள். அவருக்கு டைபாய்டு, எழுந்து உட்காரவே முடியவில்லை. விரல் வியர்த்து, தொடுதிரை என் தொடுதலை ஏற்க மறுத்தது.

நீ எப்படி அவ்வளவு நிதானமாக இருந்தாய்? அம்மாவின் ஒற்றைத் தலைவலிக்காக, வீட்டில் ஹெட்போன் மாட்டிக்கொண்டுதான் பழகுவாய். எங்களுக்குக் கேட்டதெல்லாம் கட்டைகள் அமுங்கும் சத்தம் மட்டும். நடுவில் போன் வரும். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாய். வெளியே வரும்போது முகம் கழுவியிருப்பாய். "ஆள் வந்துக்கினு இருக்கான்" என்று சொல்லி, பாதியில் விட்ட என் ஜடையைப் பின்னி முடிப்பாய்.

மறுபடி கரியாலூர்க்காரர். "அண்ணன்கிட்ட சொன்னியா பாப்பா? உள்ள கூட்டிக்கினு போகப் போறாங்க."

"ஆள் வந்துக்கினு இருக்காங்க," என்றேன்.

யாரும் வந்துகொண்டிருக்கவில்லை.

திருக்கோவிலூர் எண்ணை எடுத்தவர் தையல்காரர். பின்னால் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. "சொல்லுங்கண்ணே," என்றார். அவரிடம் சொல்லிவிட்டேன். அப்பா இல்லை, கார்த்திகையில், நெஞ்சுவலி. மிஷின் நின்றது. அவர் ஏதும் கேட்பதற்குள் மலை, பிரசவம், ரத்தம் என்று உளறிக் கொட்டினேன்.

"மெதுவா, மெதுவா பேசு கண்ணு. அப்படியே உங்கப்பாதான்."

"அப்பாவா?"

"வேற யாரு? போன் பண்ணாலே கொரல் நடுங்கும். ஆள் வர்றான்னு சொல்லிட்டன்பா, இப்ப யாருமில்ல, இன்னா பண்றதுன்னே தெரிலம்பாரு. நான்தான் தைரியம் சொல்லுவன்." ஒரு கனைப்பு. "பிளவுசு ஒண்ணு பாதியில நிக்குது. அந்தம்மா திட்டும். திட்டட்டும். பஸ் ஏறிட்டுக் கூப்புடறன்."

கிளம்பிப் போய் ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன். வந்த ஒவ்வொரு ஆட்டோவிலும் அவரைத் தேடினேன், முகம் தெரியாமலேயே. கழுத்தில் அளவு நாடாவோடு ஒருவர் இறங்கினார். கழற்ற மறந்திருக்கிறார்.

அவர் கொடுத்தார். தாய் பிழைத்தாள். பெண் குழந்தை.

உன் நிதானம் எனக்கு வாய்க்கவில்லை என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அந்தக் கதவுக்குப் பின்னால் நீ நடுங்கிக்கொண்டு நின்றிருக்கிறாய். அதை எங்கள் முன் கொண்டுவராமல், முகம் கழுவி அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறாய். அந்த நடுக்கம் அப்படியே எனக்கு வந்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டே பேச முடிகிறது, ஒரு மாதிரி.

தையல்காரரைப் பேருந்தில் ஏற்றிவிட்டுத் திரும்பினேன். கரியாலூர்க்காரர் வராந்தாவில் எனக்காக நின்றிருந்தார். "அண்ணன நேர்ல பாத்துட்டுப் போவணும் பாப்பா. எப்ப வூட்ல இருப்பாரு?"

சொன்னேன்.

சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். பிறகு, "அப்ப மலையில எங்களுக்கு ஒண்ணுன்னா..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

"இதே நம்பருக்குக் கூப்புடுங்க," என்றேன். குரல் நடுங்கத்தான் செய்தது.

எதிர்க்கடைக்குப் போய் அவருக்கு ஒரு டீ வாங்கிவந்தேன்.