பரிசல்காரனுக்கு முகம் இல்லை

என் உயிர் மாப்ள யூசுப்புக்கு,

‘நல்லா இருக்கியா’ என்று எழுதிவிட்டு அடித்தேன். போனவனிடம் அதைக் கேட்கலாமா? கேட்காமல் உன்னிடம் நான் பேச்சை ஆரம்பித்ததே இல்லையே. நீ போய் ஒன்றரை வருஷமாகிவிட்டது. உன் எண் இன்னும் என் போனில்தான் இருக்கிறது. அழிக்கக் கை வரவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நம்முடைய ‘கடைசிப் பரிசல்’ வீடியோ கேம் காமிக்ஸ் புத்தகமாக வரப்போகிறது. நிஜமாகத்தான். தொண்ணூற்றாறு பக்கம், முழு வண்ணம். சென்னையில் ஒரு பதிப்பகம் போடுகிறது. இந்த வாரம் அச்சுக்குப் போகிறது. இதைச் சந்தோஷமாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் நாலு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை மாப்ள. நாம் செய்த விளையாட்டை நான் கெடுத்துவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது.

இதை வேறு யாராவது வாசித்தால் அவர்களுக்கு உன்னைத் தெரியாது. அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன், சிரிக்காதே. நீ பாலக்கரைக்காரன். அரியமங்கலத்தில் ஒரு பட்டறையில் கடைசல் இயந்திரங்களுக்குப் புரோகிராம் எழுதுகிற வேலை. நான் ஜீயபுரத்தில் வாழைத்தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை, பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார். கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்ததைத் தவிர நமக்குள் பொதுவாக ஒன்றும் இல்லை. மூன்று வருஷம், ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாகச் சேர்ந்து உட்கார்ந்து ஒரு வீடியோ கேம் செய்தோம். நீ செய்தாய், நான் அதில் வருகிறவர்களின் பேச்சை எழுதினேன்.

கொள்ளிடத்தில் வெள்ளம். ஒரு பரிசல்காரன் அக்கரைக்கும் இக்கரைக்குமாக ஆட்களைக் கொண்டுபோய் விடுகிறான். போனைக் கையில் வைத்திருப்பவர்தான் பரிசல்காரர். துடுப்பு அவருடைய இரண்டு கட்டைவிரல்கள். சுழலில் மாட்டினால் கவிழும். திரை இருட்டும். மறுபடி அதே கரை, அதே மழை. பரிசல்காரனின் முதுகும் தலையில் கட்டிய துண்டும் மட்டுமே கடைசிவரை தெரியும். முகம் தெரியாது.

“ஏன்டா முகம் வெக்கல?” என்று அப்போது கேட்டேன். “முகம் வெச்சா அது வேற ஒருத்தன் ஆயிருவான். இப்ப யாரு ஓட்டுறாங்களோ அவங்கதான்” என்றாய்.

அங்கேதான் முதல் சிக்கல் வந்தது. காமிக்ஸில் ஓட்டுகிறவர் யாரும் இல்லை. பார்க்கிறவர் மட்டும்தான். தொண்ணூற்றாறு பக்கமும் ஒருவன் முதுகையே காட்டிக்கொண்டிருந்தால் யார் வாங்குவார்கள் என்று பதிப்பக ஆசிரியர் போனில் கேட்டார். “ஹீரோவுக்கு மூஞ்சி வேணும் சார். கண்ணு, மூக்கு, கோபம், கண்ணீர்... எல்லாம் வேணும்.”

படம் வரைவது வேதவல்லி. ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதிக்காரப் பெண், ஓவியம் படித்தவள். உன்னைப் பார்த்ததில்லை, உன் விளையாட்டைத்தான் பார்த்திருக்கிறாள். அவள் கேட்ட முதல் கேள்வியே என்னைத் திணறடித்தது.

“ஒவ்வொரு தடவையும் கவுந்து கவுந்து எழுந்துக்கறானே, அதை எப்படி வரையறது? புஸ்தகத்துல செத்தா செத்ததுதானே?”

யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒரே பக்கத்தை மூன்று முறை வரைந்தாள். அதே கரை, அதே மழை. முதல் தடவை மூழ்குகிறான். இரண்டாம் தடவை இன்னும் கொஞ்ச தூரம் போய் மூழ்குகிறான். மூன்றாவதில் சுழலைத் தாண்டுகிறான். ஆசிரியர் பார்த்துவிட்டு, “அச்சுல ஒரே பக்கம் மூணு தடவ விழுந்துருச்சுன்னு கடைக்காரங்க திருப்பி அனுப்பிருவாங்க சார்” என்றார். வேதா அசையவில்லை.

முகத்துக்கு என்ன செய்வது? நான்தான் சொன்னேன் மாப்ள. உன் முகத்தை வை என்று நான்தான் சொன்னேன். கல்லூரிக் காலத்துப் படங்கள் நாலைந்தைக் கொடுத்தேன். அவள் வரைந்து காட்டியபோது உடம்பு சிலிர்த்தது. மூக்கின் அந்தச் சின்ன வளைவுகூட இருந்தது. உனக்கு ஏதோ பெரிய மரியாதை செய்துவிட்ட மாதிரி இருந்தது எனக்கு. பாதிக்கு மேல் வரைந்து முடித்த பிறகுதான் உன் அம்மாவிடம் கேட்கவில்லையே என்று உறைத்தது.

நாலு மாசத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை மத்தியானம் வேதாவை அழைத்துக்கொண்டு பாலக்கரைக்குப் போனேன். உங்கள் வீட்டுக் கதவைத் தட்டினேன். அம்மா கதவைத் திறந்து, “வாங்க தம்பி, ரொம்ப நாளாச்சே” என்றார்கள். அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. எனக்குத்தான் குத்தியது. டீயும் ரஸ்க்கும் வந்தன. உன் அறையில் இப்போது தையல் மிஷின் போட்டிருக்கிறார்கள்.

வேதா பக்கங்களை விரித்து வைத்தாள். அம்மா முதல் பக்கத்து முகத்தின் மேல் விரலை வைத்தார்கள். ரொம்ப நேரம் அந்த விரலை எடுக்கவில்லை.

“யாரு வரைஞ்சது?”

“நான்தாம்மா” என்றாள் வேதா.

“என் மவன நீ பார்த்திருக்கியாம்மா?”

“இல்லம்மா. போட்டோ பார்த்துத்தான் வரைஞ்சேன்.”

“மூக்கு அப்படியே இருக்கு.”

அம்மா ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார்கள். அந்த மூன்று பக்கங்கள் வந்தன. முதல் பக்கத்தில் நீ மூழ்குகிறாய். அடுத்த பக்கத்திலும் மூழ்குகிறாய். அம்மா மூன்றாவதைத் திருப்பவில்லை. தாள்களைச் சேர்த்து, ஓரத்தைத் தட்டி அடுக்கி, வேதா பக்கம் நகர்த்தி வைத்தார்கள்.

“வேணாம் தம்பி. ஒருதரம் பார்த்தாச்சு. போதும்.”

நான் ஏதேதோ சொன்னேன். மரியாதைக்காகத்தான் என்றேன், கடைசியில் அவன் பிழைத்துக்கொள்வான் என்றேன். நினைத்தால் இப்போதுகூட நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

“புக்கு பழசானா என்ன பண்ணுவாங்க? கிழிச்சுப் பொட்டலம் மடிப்பாங்க. அதுல என் மவன் மூஞ்சி இருக்கும். நீங்க புக்கு போடுங்க, நல்லா போடுங்க. நான் துஆ செய்றேன். மூஞ்சி மட்டும் வேணாம். அது என்கிட்டயே இருக்கட்டும்” என்றார்கள். கோபமாகச் சொல்லவில்லை. டீ ஆறுது குடிங்க என்கிற குரலில் சொன்னார்கள்.

பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியது. அறுபது பக்க உழைப்பு. திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். “அந்தம்மா சொன்னது சரிதான். எனக்கு ஒரு வாரம் டயம் குடுங்கோ” என்றாள் வேதா, ஜன்னலைப் பார்த்தபடி.

அந்த ஒரு வாரம் நான் பட்ட பாடு! வகுப்பில் கரும்பலகையில் ஒரே வரியை இரண்டு தடவை எழுதினேன். ஆசிரியர் தினமும் கூப்பிட்டார். விளையாட்டை விளையாடியவர்கள் வேறு, புத்தகம் வருவது தெரிந்து எனக்கு எழுத ஆரம்பித்திருந்தார்கள். பரிசல்காரனுக்குத் தாடி வைக்காதீர்கள் என்று ஒருவர். அது பெண் இல்லையா, நான் பெண் என்றல்லவா நினைத்து ஓட்டினேன் என்று ஒருவர். எல்லாரும் உரிமையோடு கேட்டார்கள். உரிமை இருக்கத்தானே செய்கிறது?

எட்டாம் நாள் வேதா கூப்பிட்டாள். போனேன். மாதிரிக்கு ஏழெட்டுப் பக்கம் முகமே இல்லாமல் வரைந்திருந்தாள். முதுகு, துண்டு, கை, துடுப்பு. ஆனால் பரிசலில் ஏறுகிற ஒவ்வொருவரும் அவனைப் பார்க்கிறார்கள். அவன் பயந்தால் எதிரே இருக்கிற தாயின் முகத்தில் அது தெரிகிறது. அவன் சிரித்தால் மடியில் இருக்கிற குழந்தை சிரிக்கிறது. நான் எழுதி வைத்திருந்த வசனங்களில் பாதி தேவைப்படவில்லை. நானே அடித்தேன். நீ பார்த்திருந்தால், “இதத்தானடா நான் சொன்னேன்” என்றிருப்பாய். இல்லை, அப்படிச் சொல்லியிருப்பாயா? தெரியவில்லை. உன் வாயில் நான் வார்த்தை வைக்கக் கூடாது.

இனிமேல்தான் சொல்லக் கஷ்டமாக இருப்பது. முடிவு.

நாம் எதற்காகச் சண்டை போட்டோம் என்பது உனக்கு மறந்திருக்காது. விளையாட்டின் கடைசிப் பயணம். பரிசலில் ஒரு தாயும் கைக்குழந்தையும். பாதி ஆறு தாண்டியாகிவிட்டது. பின்னாலிருந்து ஆட்டுக்காரர் மாரப்பன் கூப்பிடுகிறார். தண்ணீர் அவர் இடுப்பு வரை வந்துவிட்டது. திரும்புவதா, போவதா? அவன் திரும்பியே ஆக வேண்டும் என்றேன் நான். “திரும்பாதவன் என்னடா பரிசல்காரன்? கத எழுதுனது நான்.”

“எழுதுனது நீ. ஓட்டுறது அவங்க மாப்ள. அவங்க முடிவு பண்ணட்டும்” என்றாய்.

டீக்கடையில் ஆரம்பித்தது ரோட்டில் முடிந்தது. நான்தான் கத்தினேன். அதற்குப் பிறகு நாலு மாசம் உன்னிடம் பேசவில்லை. விளையாட்டு வெளிவந்தது. எல்லாரும் விளையாடினார்கள். நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. உனக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று ஒரு செவ்வாய்க்கிழமை சொன்னார்கள். பரீட்சைத் தாள் திருத்த வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்ப்போம் என்று இருந்தேன். நீ சனிக்கிழமை போய்விட்டாய்.

இப்போது எதிர்த்துப் பேச ஆள் இல்லை. புத்தகத்துக்கு ஒரு முடிவுதான் இருக்க முடியும். கடைசி எட்டுப் பக்கத்துக்கு நான் ஆசைப்பட்டபடியே எழுதினேன். பரிசல் திரும்புகிறது. மாரப்பனின் கையைப் பிடித்துத் தூக்குகிறான். படித்துவிட்டு வேதா என்னைப் பார்த்தாள்.

“இந்த இடத்தை நீங்க விளையாடிப் பார்த்தேளா?”

“இல்ல.”

“ஒரு தடவைகூடவா?”

ஞாயிற்றுக்கிழமை காலை. அவர்கள் வீட்டு முன் அறை. வெளியே சேவித்துவிட்டு வருகிற கூட்டம். அவள் தன் போனை என் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். நீ எவ்வளவு அழகாகச் செய்திருந்தாய் மாப்ள! அந்தத் தண்ணீரின் சத்தம். நான் எழுதிய பேச்சுகள் அதில் உயிரோடு இருந்தன. நாலு தடவை கவிழ்ந்தேன். ஒருவழியாகக் கடைசிப் பயணத்துக்கு வந்து சேர்ந்தேன். குழந்தை அழுதது. பரிசல் சாய்ந்தது. பின்னால் மாரப்பன் கூப்பிட்டார். “அண்ணே, நான் இருக்கேன், நான் இங்கதான் இருக்கேன்.” நான் எழுதிய வரி.

நான் திரும்பவில்லை.

யோசிக்கவே இல்லை. கட்டைவிரல்கள் பாட்டுக்கு அக்கரையைப் பார்த்துத் துழாவிக்கொண்டிருந்தன. எங்கே கவிழ்ந்துவிடுமோ என்கிற பயம் மட்டும்தான். கரை தட்டியபோது அந்தக் குரல் நின்று ரொம்ப நேரம் ஆகியிருந்தது. எப்போது நின்றது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

போனைத் திருப்பிக் கொடுத்தேன். வேதா வாங்கிக் கீழே வைத்தாள். “நான் திரும்பினேன். கவுந்துடுத்து. அப்புறம் நான் தொடவே இல்லை” என்றாள்.

அன்று சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஜீயபுரம் வண்டிகள் இரண்டை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். எழுதும்போது என்னால் யாரை வேண்டுமானாலும் காப்பாற்ற முடிகிறது. அந்தச் செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்கு ஒரு பஸ் ஏற முடியவில்லை.

எட்டுப் பக்கத்தையும் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். பரிசல் திரும்பவில்லை. குரல் ஒவ்வொரு கட்டத்திலும் சின்ன எழுத்தாகிக்கொண்டே வருகிறது. கரை வருகிறது. தாய் இறங்கி நடக்கிறாள். தோளில் கிடக்கிற குழந்தை மட்டும் அவனைப் பார்த்துக்கொண்டே போகிறது. அவன் துடுப்பைக் கீழே வைக்காமல் ஆற்றின் பக்கம் திரும்பி நிற்கிறான். அவ்வளவுதான். ஆசிரியர் ஒப்புக்கொண்டார். அரை மனசோடுதான். படித்துவிட்டு யாராவது கோபப்படுவார்கள். மாரப்பனைக் கொன்றுவிட்டாயே என்று அழக்கூடச் செய்வார்கள். நான் என் பாரத்தை உன் விளையாட்டின் மேல் இறக்கி வைத்துவிட்டேனா? திரும்பியவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். அவர்களுடைய பரிசலை நான் பிடுங்கிக்கொண்டேனா? எனக்குப் பதில் தெரியவில்லை, மாப்ள. அச்சுக்குப் போகிற நாள் வரைக்கும் தெரியாது. அதற்குப் பிறகும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

நேற்று ஆசிரியர் கூப்பிட்டார். “பின்னட்டையில ஒரு வரி போடலாம் சார். ‘மறைந்த நண்பர் யூசுப் விரும்பிய முடிவு’ன்னு. யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க.”

எவ்வளவு சுலபம் பார்த்தாயா? யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உனக்கும் அதையே சத்தியமாகச் சொல்கிறேன். எந்த மேடையிலும், எந்தப் பேட்டியிலும், யார் எவ்வளவு திட்டினாலும், இது நீ ஆசைப்பட்ட முடிவு என்று சொல்ல மாட்டேன். நீ எந்த முடிவுக்கும் ஆசைப்படவில்லை. அதை ஓட்டுகிறவர்களிடம் விட்டாய். பரிசலைத் திருப்பாதவன் நான். அந்த முடிவுக்குக் கீழே என் பெயர்தான் இருக்கும்.

வாழையும் ஆறும் இருக்கிற ஜீயபுரத்திலிருந்து,
உன்னைப் பார்க்க வராத
உன் மாப்ள,
செல்வராசு