ஸ்ரீரங்கத்துக்குப் பச்சை

1982 டிசம்பர் 6, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். தென்னூரிலிருந்து கல்லூரி போய்ச் சேர்வதற்குள் பேன்ட்டில் முழங்கால் வரை சேறு.

வாங்க வேண்டியது: சைக்கிள் வால்வ் டியூப், ட்ரேசிங் பேப்பர், கிறிஸ்துமஸ் நட்சத்திரம் செய்யச் சிவப்புத் தாள்.

ஹைதராபாத்திலிருந்து படம் வந்துவிட்டது! போன டிசம்பரில் செயற்கைக்கோள் எடுத்தது. முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிவது, நடுவில் ஸ்ரீரங்கம் தீவு, எல்லாம் ஒரே தாளில். எங்கள் புவியியல் துறையே மேசையைச் சுற்றி நின்றது. பேராசிரியர் விளக்கினார். இலை திருப்பி அனுப்பும் வெளிச்சத்தில் நம் கண்ணுக்குத் தெரியாத ஒரு பகுதி உண்டாம். அகச்சிவப்பு. செயற்கைக்கோளுக்கு அது தெரியும். அதைத்தான் படத்தில் சிவப்பாகப் போடுகிறார்கள். ஆகவே வயல், தோப்பு, காடு எல்லாம் சிவப்பு. ஆழமான தண்ணீர் கருப்பு.

பின்னாலிருந்து ஒரு குரல்: "அப்ப மொளகா பச்சையா வருமா சார்?"

எல்லோரோடும் நானும் சிரித்தேன். அந்தச் சிவப்பு எங்கே என்று படத்தில் தேடிக்கொண்டே.

தாவர வரைபடம் போட என்னையும் தாவரவியல் ஜமாலையும் நியமித்திருக்கிறார். சிவப்பு எனக்குப் பிறவியிலிருந்தே சரியாகத் தெரியாது. பச்சையும் தகராறுதான். ரயில்வே வேலைக்குப் போனபோது கண் பரிசோதனையில் வெளியே அனுப்பினார்கள். அன்று அப்பா டீ வாங்கிக் கொடுத்தார். அந்த டீயின் ருசி இன்னும் நாக்கில். இந்த வேலையும் அப்படிப் போய்விடக் கூடாது.

சாயங்காலம் தாள் வாங்கி வந்தேன். பிலோ பிரித்துப் பார்த்து, "என்னங்க, இது காப்பிப்பொடி கலர்" என்றாள். திருப்பிக் கொடுத்துவிட்டு வாங்க என்று சொல்லவில்லை. காப்பிப்பொடி நட்சத்திரம் தொங்குகிறது. இப்படி ஒருத்தி கிடைத்தது என் புண்ணியம்.

டிசம்பர் 7, செவ்வாய்

மழை இல்லை. கண்ணாடி மேசை, அடியில் ட்யூப் லைட், மேலே படம், அதன் மேல் ட்ரேசிங் பேப்பர். நாள் முழுக்கக் குனிந்ததில் கழுத்து வலி.

ஸ்ரீரங்கம் பக்கம் எனக்கு. கருப்பாகத் தெரிந்ததையெல்லாம் தண்ணீர் என்று நீலம் அடித்தேன். எவ்வளவு தண்ணீர்! போன வருடம் நல்ல மழை போல.

டிசம்பர் 8, புதன்

மானம் கப்பலேறியது.

பேராசிரியர் ஸ்ரீரங்கத்துக்காரர். என் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"என்னய்யா ஆரோக்கியம், எங்க ஊரை ஜலத்துல போட்டுட்டீரே. பெருமாள் என்ன பண்ணுவார்?"

வாழைத்தோப்பு, தென்னந்தோப்பு அத்தனையும் படத்தில் அடர்ந்த சிவப்பாம். என் கண்ணுக்கு அது கருப்பு. தீவில் பாதியைக் காவிரியில் மூழ்கடித்துவிட்டேன்.

அவர் சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "சனிக்கிழமை பாக்கறேன். சரிப்படலேன்னா வேற ஆளைப் போட்டுக்கறேன். தப்பா நெனச்சுக்காதீர்."

கேன்டீனில் ஜமால் எதிரே வந்து உட்கார்ந்தார். ஒரு டீயை என் பக்கம் தள்ளினார். நானே சொல்லிவிட்டேன், ரயில்வே வரைக்கும். கல்லூரியில் முதல்முறையாக ஒருவரிடம்.

"இதுக்கா மூஞ்சிய இப்படி வச்சிருக்கீங்க? எங்க மாமுவுக்கும் இதே கண்ணுதான். பெரிய கடைவீதியில பொடவைக் கடை வச்சிருக்காரு!"

டீ மூக்கில் ஏறியது. சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன்.

பிறகு அவரே யோசித்துச் சொன்னார்: "இதே படம் கருப்பு வெள்ளையில தனித்தனியா வந்திருக்கே. யாரும் தொடாம பீரோவுல கெடக்கு. வாங்க, பாப்போம்."

டிசம்பர் 9, வியாழன்

லேசான பனி. மனசு மட்டும் வெயில்.

அகச்சிவப்புக்கென்று தனியாக வந்த கருப்பு வெள்ளைப் படம். ஆறு மையைக் கொட்டியது போல் கருப்பு. செடி கொடியெல்லாம் வெளுப்பு. அந்த வெளுப்பிலும் எத்தனை வகை! இளம் நெல் ஒரு சாம்பல், முற்றிய நெல் ஒரு சாம்பல், தோப்பு சொரசொரப்பாக வேறொன்று. முப்பத்திநாலு வருடமாக நான் உலகத்தைப் பார்ப்பது நிறத்தை விட்டு இந்த வெளுப்பு கருப்பை வைத்துத்தானே. எனக்காகவே யாரோ எடுத்து அனுப்பியது மாதிரி.

ஒப்பந்தம்: ஜமால் கலர் படத்தைப் பார்த்து வரைவது, நான் கருப்பு வெள்ளையைப் பார்த்து. தீவும், எதிரே தென்கரை வயல்களும். ஒருவர் தாளை ஒருவர் எட்டிப் பார்க்கக் கூடாது. நாளைக்கு நேரில் போய்ச் சரிபார்ப்பு.

மத்தியானம் பசியே இல்லை. பிலோ கட்டிக் கொடுத்த எலுமிச்சை சாதத்தை ஜமால் முடித்தார்.

டிசம்பர் 10, வெள்ளி

முக்கொம்பு பஸ். ஜன்னலோரம் நான், மடியில் படம். கண்டக்டர்: "என்ன சார், நெஞ்சு எக்ஸ்ரேயா?"

வழியில் இறங்கி இறங்கி நடந்தோம். நான் தோப்பு என்ற இடம் தோப்பு. நெல் என்ற இடத்தில் நெல், ஒரு மூலையில் மட்டும் கரும்பு. ஜமாலும் அதே மூலையில் சறுக்கியிருந்தார்.

கூத்து அதற்கப்புறம்தான். இருவரும் நல்ல வயல் என்று குறித்த இடத்துக்குப் போனால் வயலைக் காணோம். ஏரி! கரைக்குக் கரை ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கிறது. தண்ணீர் ஒரு சொட்டுத் தெரியவில்லை. கரையில் மாடு மேய்த்த அம்மா சொன்னார்: "ரெண்டு வருசமா இப்படித்தாங்க கெடக்கு."

ஆக, செயற்கைக்கோளுக்கே அது வயல்தான். ஜமாலின் நல்ல கண்ணுக்கும் வயல்தான். தப்பு செய்த இடத்தில் நின்று இவ்வளவு சந்தோஷப்பட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஜமால் தொழுகைக்கு நேரமாகிறதென்று அவசரப்படுத்தினார். பஸ்ஸில் அவருக்கு ஒரு நன்றி சொல்ல வாய் வரவில்லை. வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தேன்.

டிசம்பர் 11, சனி

நல்ல வெயில்.

இரண்டு தாள்களையும் பேராசிரியர் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தார். அநேகமாகக் கோட்டின் மேல் கோடு. ஆகாயத்தாமரைக் கதையைக் கேட்டுச் சிரித்தார். அந்த நேரத்தில் சொன்னேன்: "சார், எனக்குச் சிவப்பு தெரியாது." ஜமால் தரையைப் பார்த்தார்.

பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இது இல்லேன்னா நீர் எதிர்ல நிக்கறதே நேக்குத் தெரியாது. நான் முப்பது வருஷமா மேப் போடலையா?" மறுபடி மாட்டிக்கொண்டார். "நீரே போடும். மொதல்ல எங்க ஊரைக் கரையேத்தும்."

கடவுளே, நன்றி. அப்பா இருந்திருந்தால் இன்று நான் டீ வாங்கிக் கொடுத்திருப்பேன்.

தாளை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். கலர் பென்சில்களில் பெயர் போட்ட முனையைத்தான் இத்தனை நாள் சீவியிருக்கிறேன், எது எதுவென்று தெரியவில்லை. பிலோ ஒவ்வொன்றிலும் துண்டுத் தாள் ஒட்டி எழுதிக் கொடுத்தாள். ஸ்ரீரங்கம் முழுக்க நானே அடித்தேன், முக்கொம்பிலிருந்து தொடங்கி, கரை தாண்டாமல். முடித்ததும் அவளைக் கூப்பிட்டேன்.

குனிந்து பார்த்தாள். "பச்சைதாங்க" என்றாள்.