இன்னிக்கி சத்தமே காணோம்

பஸ் மரக்காணத்தை விட்டுக் கிளம்பியதும் ஜன்னல் வழியே உப்பளக் காற்று முகத்தில் அடித்தது. அந்த நேரம் பார்த்து என் போன் அதிர்ந்தது. நீ எழுதிய புரோகிராம் அனுப்பிய அலர்ட். நீ போய் ஒரு மழைக்காலமே முடிந்து, உப்பளத்தில் மறுபடி பாத்தி கட்டத் தொடங்கிவிட்டார்கள். ஆபீசில் ஒரு சர்வர் கம்ப்யூட்டர் லேசாகத் தடுமாறினால்கூட இன்னும் உன் பேச்சுதான் முதலில் வருகிறது. எனக்கு வயிறு எரிகிறது. அலர்ட்டைத் திறக்காமல் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

ஒரே ஸ்டாப்பில் ஏறி, பாண்டிச்சேரியில் ஒரே ஆபீசுக்குப் போனவர்கள் நாம். எத்தனையோ கடைகளின் பில் ஓடும் சர்வர்களில் கோளாறு வந்தால் தானாகவே கண்டுபிடித்துச் சொல்லும் புரோகிராமை முதலில் எழுதியவள் நான்தான். அதை நீயே எல்லோரிடமும் சொல்வாய். அதனால் எரிச்சல் குறைந்ததா என்ன? என்னுடையது சர்வரின் சூடு எல்லை தாண்டினால் கத்தும், அதில் இடம் நிறைந்தால் கத்தும். நாள் முழுக்கக் கத்தியதில் கொஞ்ச நாளிலேயே யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

நீ பஸ்ஸிலும் வேறு மாதிரிதான். யாராவது சண்டை போட்டால்தான் நான் தலை நிமிர்வேன். நீயோ, "கோட்டக்குப்பத்துல ஏறுற அக்கா இன்னிக்கும் ஏறலடி, ஒடம்புக்கு இன்னாவோ" என்பாய். பேர்கூடத் தெரியாத அக்கா. உன் புரோகிராமையும் அப்படியே வளர்த்தாய். ஒவ்வொரு சர்வரும் வழக்கமாக எப்படி இருக்கும் என்று அது கற்றுக்கொள்ளும். அந்த வழக்கம் மாறினால் மட்டும், "இது இன்னிக்கி ஒரு மாதிரியா இருக்குது, பாருங்க" என்று நம் ஊர்ப் பேச்சிலேயே செய்தி அனுப்பும். டீ குடிக்கும்போது யாராவது முகம் வாடியிருந்தால், ஆபீசே அந்த வாக்கியத்தைச் சொல்லிக் கிண்டல் செய்யும். என்னுடைய ஒரு வரிகூட யார் வாயிலும் வந்ததில்லை. என் அம்மாவும், நான் வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்டது உன்னைப் பற்றித்தான்.

நீ இறந்த பிறகாவது இது தணியும் என்று நினைத்தேன். தணியவில்லை. இருக்கிறவளோடு போட்டி போடலாம். ஒரு நாள் அவளும் தப்புச் செய்வாள். போனவள் இனி எந்தத் தப்பும் செய்யப் போவதில்லை.

இப்போது மேனேஜர், இரண்டு புரோகிராம் எதற்கு, ஒன்று போதும் என்றார். இரண்டையும் அறிந்தவள் நான் என்பதால் எது இருக்கட்டும் என்று என்னையே முடிவு செய்யச் சொன்னார். அதனால்தான் இன்று அலர்ட் வந்தபோது, உன்னுடையதை எடுத்துவிடலாம் என்று பஸ்ஸில் அவருக்குப் போனில் டைப் செய்துகொண்டிருந்தேன். பழையதாகிவிட்டது, பராமரிக்க ஆளில்லை என்றெல்லாம் காரணம் அடுக்கியிருந்தேன். உண்மையான காரணம் உனக்குத் தெரியும்.

கோட்டக்குப்பம் வந்தபோதுதான் அலர்ட்டைத் திறந்தேன். கோளாறு எந்தச் சர்வரிலும் இல்லை. காலையிலிருந்து நின்று கிடந்தது என் புரோகிராம். அது அமைதியாக இருந்ததால் எல்லாம் நலம் என்று நான் நம்பியிருந்தேன். அதையும் கண்காணிக்கும்படி என்றோ நீ எழுதி வைத்திருக்கிறாய். வழக்கமான வாக்கியமும் இல்லை. என்னுடையதற்கென்று தனியாக ஒன்று:

"இது ஓயாம கத்தும். இன்னிக்கி சத்தமே காணோம். அவ வந்து பார்த்தாதான் சரியாவும். அவள கூப்புடுங்க."

பக்கத்து சீட்டில் இருந்தவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அப்போதுதான் நான் அழுவது எனக்கே தெரிந்தது. உன்மேல் கோபமும் வந்தது. இதிலும் என்னை முந்திக்கொண்டாயே.

டைப் செய்ததை அழித்துவிட்டேன். இரண்டும் இருக்கட்டும் என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். அவருக்கு அதில் திருப்தி இல்லை. பொறாமையும் அப்படியே இருக்கிறது, நீ உட்காரும் ஜன்னலோர சீட்டைப் போல அதையும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மனமில்லை. இனி என் புரோகிராம் உன்னுடையதைப் பார்த்துக்கொள்ளும். உன்னுடையது என்றாவது சத்தமில்லாமல் நின்றுபோனால் வர வேண்டிய செய்தியை எழுத உட்கார்ந்தேன். முதல் வரி வந்துவிட்டது. அடுத்த வரியில், யாரைக் கூப்பிடச் சொல்வேன்?