அங்க கரண்ட் இருக்கா?

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கு பெரும்பாலும் நலம். அந்தப் 'பெரும்பாலும்' எதற்கு என்பது போகப் போகத் தெரியும். எரிச்சலில் கடைசிப் பக்கத்துக்குத் தாவும் உன் பழக்கத்தை இந்த ஒரு முறை விட்டுவிட்டு வரிசையாகப் படி.

உன் கடிதம் கிடைத்தது. நீ தலைமைப் பொறியாளராக இருக்கும் அனல்மின் நிலையத்தைப் பற்றி உன் மகள் பொது மேடையில் பேசியது பத்திரிகையில் வந்ததையும், கேன்டீனில் உன் சகாக்கள் அதை உரக்கப் படித்துச் சிரித்ததையும் எழுதியிருந்தாய். இனி அவள் உன் வீட்டு வாசற்படி ஏற வேண்டாம் என்று நான் அவளிடம் சொல்ல வேண்டுமாம். சொல்லவில்லை. அப்பனும் மகளும் அடித்துக்கொள்ள, நடுவில் நின்று தபால் கொடுக்கும் வயதை நான் எப்போதோ தாண்டிவிட்டேன். தவிர, நீ படித்தது பாதி. முன்வரிசையில் உட்கார்ந்து மீதியையும் கேட்டவள் நான்.

முதலில் ஏசி விவகாரம். சென்ற ஆண்டு மருத்துவரின் வற்புறுத்தலால் என் அறையில் ஒன்று மாட்டினேன் அல்லவா? என்னோடு தங்கிப் படிக்கும் உன் மகள் அன்றே வழக்கு தொடுத்தாள். "அத்தை, நீங்க உள்ளே ஜில்லுனு இருக்கறதுக்கு, தெருவுக்கே சூட்டை ஊதி விடறீங்க" என்றாள். "நான் ஒரு கிழவி அணைச்சா பனிமலை உருகாம நின்னுடுமாடி?" என்றேன். "எல்லாரும் இதையே சொன்னா?" என்றாள். நான் முப்பது ஆண்டுகள் பொருளாதாரம் கற்பித்தவள். அவள் ஆராய்ச்சி மாணவி. ஆகவே வழக்கு முடியவில்லை. ஏசி மட்டும், அழைக்காமல் வந்த விருந்தாளியைப் போலச் சுவரில் சும்மா இருந்தது.

சென்ற மாதம் ஒரு மத்தியானம் துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போனவள், அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தேன் என்பது என் சொல். விழுந்தேன் என்பது உன் மகளின் சொல். என்னைக் கீழே எப்படிக் கொண்டுவந்தாள் என்பது எனக்கு நினைவில்லை. பக்கத்து வீட்டு நர்ஸ் வந்து, "ஏசியைப் போடு, ஜன்னலைச் சாத்து, மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்" என்று அதட்டியதுதான் காதில் விழுந்தது. உன் மகள் தன் கையால் போட்டாள். ஈரத்துணியால் என் பாதங்களைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அன்றிலிருந்து அது பகல் முழுவதும் ஓடுகிறது. அவளோ ஹாலில் வியர்த்து வழிந்துகொண்டு படிக்கிறாள். என் அறைக் கதவைச் சற்றுத் திறந்து வை என்றால், குளிர் வீணாகுமாம். பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று நான் ஆராயப் போவதில்லை.

இனி கூட்டம். 'ஏறும் வெப்பம்: நாம் என்ன செய்யலாம்?' என்று நகர மண்டபத்தில் ஏற்பாடு. ஆளுக்கொரு காரில் வந்து, நிறுத்த இடமில்லாமல் வாசலிலேயே முதல் விவாதத்தை நடத்தினார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர், வெயில் என்பது காலம் காலமாக இருப்பதுதான் என்று தீர்ப்பளித்தார். இன்னொருவர் ஆளுக்கு ஒரு துணிப்பை வைத்துக்கொண்டால் உலகம் பிழைத்துவிடும் என்றார். உன் மகள் உங்கள் புகைபோக்கிகளின் கணக்கைச் சொன்னாள். அப்போது எங்கள் தெருப் பாத்திரக்கடைக்காரர் எழுந்து, தம் செல்போனில் ஒரு படத்தைத் தூக்கிக் காட்டினார். எங்கள் வீட்டு வெளிச்சுவரில் இருக்கும் ஏசிப் பெட்டி! "ஊருக்குத்தான் உபதேசம்! இவங்க வீட்டு ஏசி பகல் பூரா ஓடுது. போதாததுக்கு, அப்பா கரி எரிச்சுச் சம்பாதிச்சதுலதானே நீ படிச்ச?" என்றார். மண்டபம் கைதட்டியது.

உன் மகள், "ஆமா, எங்க அப்பாதான் எரிக்கிறாரு" என்றாள். இந்த ஒரு வாக்கியத்தோடு பத்திரிகை நிருபர் தேநீர் குடிக்க எழுந்து போனதை என் கண்ணால் பார்த்தேன். நீ படித்த தலைப்பு அதுதான். அவர் போன பிறகு அவள் சொன்னதைக் கேள்:

"போன மாசம் எங்க அத்தை மயங்கி விழுந்தாங்க. அந்த ஏசியைப் போட்டது நான்தான். அன்னிக்கு கரண்ட் போயிருந்தா, அத்தை இப்ப முன்னாடி உக்காந்து என்னை முறைச்சுக்கிட்டு இருக்க மாட்டாங்க. கரண்ட் போகல. ஏன்னா, எங்க அப்பா அங்க எரிச்சுக்கிட்டு இருந்தாரு. அவரைத் திட்ட நான் வரல. அதே கரண்ட் வேற வழியில வரணும்னு கேக்க வந்தேன். அது அவர் ஒருத்தர் முடிவு பண்றதுல இல்ல. நான் ஒருத்தி ஏசியை அணைக்கறதுலயும் இல்ல. நீங்களும் சேர்ந்து கேக்கணும்."

யாரும் கைதட்டவில்லை. பாத்திரக்கடைக்காரர் மட்டும், "அது சரி, ஏசிக்கு என்ன சொல்ற?" என்று முதலிலிருந்து ஆரம்பித்தார்.

அவள் சொன்னது முழுவதும் எனக்கு உடன்பாடு என்று எண்ணாதே. கேட்டால் கொடுத்துவிடும் உலகத்தை நான் எந்தப் பாடநூலிலும் கண்டதில்லை. நீங்கள் நிறுத்தினால் ஊர் இருண்டுவிடும் என்று நீ சொல்வதும் பொய்யல்ல. ஆனால் ஊரார் முன்னிலையில், அடிபட்ட இடத்தில் நின்றுகொண்டு, அவள் உன்னை விட்டுக்கொடுக்கவில்லை. உன் சகாக்கள் அடுத்த முறை சிரிக்கும்போது, இந்தக் கடிதத்தையும் உரக்கப் படிக்கச் சொல்.

உன் மனைவிக்கு என் அன்பு. உனக்குத் தெரியாமல் அவள் தினமும் மகளோடு பேசுவதைப் பற்றி, எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், நான் எதுவும் எழுதவில்லை.

இன்னொன்று. நேற்று பிற்பகல் இங்கு மின்சாரம் நின்றுவிட்டது. உன் மகள் ஓடிவந்து ஜன்னல்களைத் திறந்தாள். ஒரு கையால் எனக்கு விசிறினாள். மற்றொரு கையில் செல்போனை வைத்துக்கொண்டு அதையே பார்த்திருந்தாள். "யார் கூப்பிடுவாங்கன்னு பாக்குற?" என்றேன். "மணி பாக்குறேன் அத்தை" என்றாள். எதிர்ச்சுவரில் தாம்பாளம் அளவுக்கு ஒரு கடிகாரம் மாட்டியிருக்கிறது. முன்பெல்லாம் நீ தொலைபேசியில் அழைத்தால், உயிரோடு இருக்கிறோமா என்றுகூடக் கேட்காமல், "அங்க கரண்ட் இருக்கா?" என்றுதான் தொடங்குவாய். அவள் உன் குரலிலேயே அதைச் சொல்லிக் காட்டிச் சிரிப்பாள். இப்போது சொல்லிக் காட்டுவதில்லை.

ஆகவே வீட்டுத் தொலைபேசிக்கு அழை. அது ஹாலில் இருக்கிறது. எனக்கு முழங்கால் வலி. நான் எழுந்து போய் எடுக்கப் போவதில்லை.

குடும்பத்தோடு நீ நீடு வாழ்க. குடும்பம் என்பதில் எத்தனை பேர் என்று உனக்கே தெரியும்.

இப்படிக்கு,
உன் அக்கா

பி.கு.: எடுத்ததும் என்ன பேசுவது என்று தடுமாறாதே. எப்போதும் கேட்பதையே கேள்.