மூன்றாம் வரிசை, ஏழாவது போல்ட்

மார்ச் 3, 1958, திங்கள்

ஆற்றில் பனி உடைந்து மூன்று நாளாகிறது. இரண்டு வாரத்தில் எங்கள் நீராவி இழுவைப்படகு ஜெய்ரான் முதல் பாரப்படகை இழுக்கவேண்டும். அமு தாரியா ஆற்றுத் தண்ணீரை அப்படியே கொதிகலனில் விட்டால் உள்ளே சேற்றுக்கட்டிதான் மிஞ்சும். தொட்டியில் இரண்டு நாள் தெளியவைத்தேன்.

பற்றவைக்கும் முன் திங்கட்கிழமை வேலை: அடுப்புக்குள் தலையை விட்டு, கொதிகலன் சுவரைப் பிடித்திருக்கும் போல்ட்களைச் சுத்தியலால் தட்டிக் கேட்பது. நல்லதென்றால் கணீர் என்னும், உடைந்திருந்தால் தொப். மூன்றாம் வரிசையில் ஏழாவது, குழாய்க்குப் பின்னால் இருப்பது, தொப் என்றது. மறுபடி தட்டினேன். தொப்.

பதினோரு வருஷமாய் இந்த அடுப்புக்கு விறகு போடுகிறேன். என் காது பொய் சொல்லுமா? சொன்னால் நல்லாயிருக்கும்.

மார்ச் 4

கேப்டன் யாஸ்துர்தி அண்ணனிடம் சொன்னேன். அவரே வந்து தட்டினார். அவருக்கும் கேட்டது, முகத்தில் தெரிந்தது. ஜெய்ரானில் அவருக்கு இருபத்திரண்டு வருஷம். இந்தக் கொதிகலன் போனால் வேறு தரமாட்டார்கள், டீசல் படகுதான் வரும்.

சுத்தியலை ஆணியில் மாட்டிவிட்டுச் சொன்னார்: "பஞ்சு ஏத்தி முடிக்கிற வரைக்கும் தாங்கும், தங்கச்சி. நீ வாயைத் திறக்காதே."

அவர் நிற்பது மேலே, சுக்கான் பக்கம். கொதிகலன் சுவர் பிய்த்துக்கொண்டால் அடுப்புக்கு நேரே நிற்பது நான். அது அவருக்குத் தோணவே இல்லை பாரு! கோபம் கோபமா வருது.

மார்ச் 7

திங்களன்று கொதிகலன் பரிசோதகர் வருகிறாராம்; ஏழாவதை மறுபடி போய்த் தட்டினேன், தொப்.

மார்ச் 10

பரிசோதகர் ரிஃபாத் வந்தார். வரிசையாகத் தட்டினார். குழாய் மறித்த இடத்தில் கை எட்டவில்லை, விட்டுவிட்டார். வெளியே வந்து புத்தகத்தைப் பிரித்து, பேனா மூடியைத் திறந்தார். அண்ணன் அவருக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

பேசக்கூடாது என்றுதான் நின்றேன். சத்தியமாக.

"மூணாவது வரிசையில ஏழாவதையும் தட்டிப் பாருங்க."

என் குரல்தான். ரிஃபாத் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு மறுபடி உள்ளே நுழைந்தார். தொப். பக்கத்திலேயே இன்னொன்றும். தேநீரை யாரும் குடிக்கவில்லை.

மார்ச் 11

என்னைப் பார்த்ததும் அண்ணன் பலகை வழியே கரைக்கு இறங்கிப் போய்விட்டார்.

ஏப்ரல் 5

கழற்றிப் பார்த்தார்கள். ஒன்பது போல்ட் உடைந்திருந்தது. ஒன்பது! ஜெய்ரான் இனி எதையும் இழுக்காது. ஆட்களை டீசல் படகுக்கு மாற்றிவிட்டார்கள், அண்ணனையும்தான். என்னைப் பற்றிப் பேச்சு வந்தபோது, "அவ காதை அறுத்துப் பெட்டியில வச்சுப் பூட்டுங்க" என்றாராம்.

நான் செஞ்சது சரி. சரிதானே? அப்புறம் எதுக்குடி அழறே, கழுதை.

டிசம்பர் 1, திங்கள்

ஆறு உறைந்துவிட்டது. கரையில் கட்டிப்போட்ட ஜெய்ரானிலிருந்து ஊர்க் குளியல்கூடத்துக்கு நீராவிக் குழாய் போகிறது. உடைந்த போல்ட்களை மாற்றியிருந்தாலும், முன்பு பத்து அட்மாஸ்பியர் வரை ஏற்றிய அழுத்தத்தை இப்போது ஒன்றுக்கு மேல் ஏற்றக்கூடாது. விறகு போடுவது நான்தான். திங்களன்று குளியல்கூடத்துக்கு விடுமுறை, அடுப்பு ஆறியிருக்கும்.

சுத்தியலை எடுக்கப் போனால் ஆணியில் காணோம். அடுப்புக்குள்ளிருந்து சத்தம். எட்டிப் பார்த்தேன், யாஸ்துர்தி அண்ணன். எட்டு மாசத்துக்கு அப்புறம். தட்டுவதை எண்ணிக்கொண்டு நின்றேன். மூன்றாம் வரிசை, ஏழாவது. கணீர். அதை மட்டும் இரண்டு தரம் தட்டினார்.

முகமெல்லாம் கரியோடு வெளியே வந்து, சுத்தியலை என் கையில் கொடுத்தார்.

"நேத்து தண்ணி வெறும் வெதுவெதுன்னு இருந்துச்சு. ஆம்பளைங்க பக்கம் நடுங்கிட்டு நிக்கிறோம், தங்கச்சி."

"நாளைக்கு வாங்கண்ணே," என்றேன். "தோலுரியற மாதிரி அனுப்புறேன்."

தேநீர் ஊற்றினேன். இரண்டு கிண்ணம் குடித்துவிட்டுத்தான் போனார்.